மரம் விழுந்த வாரத்துத் தொடர்கதை

கல்யாணமாகி வடக்கனந்தலுக்கு வந்தபோது என் பெட்டியில் புடவைகளைவிடப் புத்தகங்கள் அதிகம். மாமியார் திறந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இதையெல்லாம் கட்டிக்கினு எந்த விசேஷத்துக்குப் போவ?" என்று கேட்டார். வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கப் படித்தவர்கள் கண்டுபிடித்த சாக்குதான் புத்தகம் என்பது அவர் கட்சி.

அவரை மாற்றியது மல்லாட்டைதான். அந்த வருஷம் வேர்க்கடலை நன்றாக விளைந்திருந்தது. விதைக்கு உரிக்க உட்கார்ந்தால் விரல் நுனியெல்லாம் எரியும். வலி மறக்க, வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த தொடர்கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அத்தை முதலில் காதில் விழாததுபோல இருந்தார். பிறகு கதாநாயகியின் மாமியாருக்குப் பரிந்து பேச ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சி பஸ்ஸில் பத்திரிகை வந்துவிட்டால், சாயங்காலமே முறத்தை எடுத்து வைத்துவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மூண்டது. சாலையோரத்துப் புளிய மரங்களை வெட்டி நடுரோட்டில் சாய்த்தார்கள். பஸ் நின்றது, தபால் நின்றது, பத்திரிகையும் நின்றது. எங்கேயோ குடிசைகள் எரிந்ததாக ஒருநாள் செய்தி வந்தது. அன்று எங்கள் வீட்டில் யாரும் கதையைப் பற்றிப் பேசவில்லை. கடலையும் உரிக்கவில்லை.

கொஞ்சம் அமைதியான பிறகு அத்தைக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைசியாக வந்த இதழில் கதாநாயகி புருஷன் வீட்டை விட்டுப் போவதா வேண்டாமா என்று பெட்டியும் கையுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எத்தினி நாளைக்குத்தான் அந்தப் பொண்ணு பொட்டிய தூக்கிக்கினு நிக்கும்? கை கடுக்காது?" என்றார். பிறகு என் கணவரைக் கூப்பிட்டார். "டேய், சின்னசேலத்துக்கு ரயிலு வருதாம். டேசன் கடையில பொஸ்தகம் இருக்கும். போய் வாங்கியா."

என் கணவர் உரக்கடைச் சீட்டுக்கு மேல் எதையும் படித்தவர் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார். போனவர் இருட்டும்போதுதான் திரும்பினார். சட்டையெல்லாம் அழுக்கு, முகத்தில் மட்டும் ஒரு பெருமை.

போகும்போதே மரம் விழுந்த இடத்தில் போராட்டக்காரர்கள் மடக்கியிருக்கிறார்கள்.

"இன்னா அவசரம்? எங்க போற?"

பொய் சொல்ல வராமல், "அம்மாவுக்குக் கதப் பொஸ்தகம் வாங்கப் போறேங்க" என்றிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் எழுந்து வந்து, "பொட்டியோட நிக்குதே, அந்தக் கதையா? எங்க வூட்லயும் அதே பொலம்பல்தான்" என்றாராம். சைக்கிளை அவர்களே மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்து, ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார்கள். திரும்பி வரும்போது படித்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

அப்படியே நடந்திருக்கிறது. சாய்ந்து கிடந்த புளிய மரத்தின்மேல் வரிசையாக ஆண்கள் உட்கார்ந்திருக்க, என் கணவர் நடுரோட்டில் நின்று எழுத்துக்கூட்டி ஓர் அத்தியாயம் முழுக்க வாசித்திருக்கிறார். கோஷம் போடக்கூட மறந்து கேட்டார்களாம்.

ஒரே ஒரு சிக்கல். கிடைத்தது அந்த வார இதழ். நடுவில் ஒன்று தப்பிவிட்டது. புதிய அத்தியாயத்தில் கதாநாயகி பம்பாயில் டீச்சராக இருக்கிறாள். தேடிப் போன புருஷன் அடுப்படியில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருக்கிறான்.

"வாசல்ல நின்னவ எப்பிடிப் பம்பாய்க்குப் போனா?" என்று நான் கேட்டேன்.

அத்தை கடலையை உரித்தபடி யோசித்தார். "மாமியாக்காரிதான் அனுப்பி வெச்சிருப்பா. 'நீ போய் நிம்மதியா இரு, அவன் புத்தி வந்து பின்னாலயே வருவான்'னு வழிச் சோறு கட்டிக் குடுத்திருப்பா. இல்லாங்காட்டி அந்த ஒண்டிப் பொண்ணுக்கு அத்தினி தூரம் போக ஏது தைரியம்?"

தெருப் பெண்களுக்கெல்லாம் கதை அப்படியே போய்ச் சேர்ந்தது. ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

ரோடு திறந்த பிறகு, தப்பிய இதழும் பழைய கட்டோடு கள்ளக்குறிச்சியிலிருந்து வந்தது. நிஜக் கதையில் மாமியார் அவளை வாய்க்கு வந்தபடி ஏசி, பெட்டியைத் தெருவில் எறிகிறாள். தயங்கித் தயங்கி வாசித்தேன்.

அத்தை கடைசிவரை கேட்டார். "எழுதுனவருக்கு மாமியாருன்னா இன்னான்னு தெரில. ஆம்பளதான?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தெருவுல சொல்லிக்கினு இருக்காத. நாம சொன்னதே இருக்கட்டும்" என்றார்.

நான் சொல்லவில்லை. எங்கள் தெருவைப் பொறுத்தவரை அந்த அத்தியாயத்தை எழுதியவர் அத்தைதான்.

தொல்லை என்னவென்றால், அதற்குப் பிறகு பத்திரிகை என் கைக்கு வருவதே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை ஆனால் என் கணவர் டீக்கடையிலேயே வாங்கிக்கொண்டு நேராகக் கழனிக்குப் போய்விடுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் தேடிக்கொண்டு போனேன். கல்வராயன் மலைமேல் மேகம் கருத்துக் கிடந்தது. மோட்டார் கொட்டகை வாசலில் அவர் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். மடை உடைத்துக்கொண்டு தண்ணீர் பக்கத்துக் கழனிக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணி போவுது!" என்று கத்தினேன்.

தலையைத் தூக்காமலே, "இரு இரு, ரெண்டு பக்கம்தான் பாக்கி" என்றார்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையைக் கட்ட நானே போனேன்.