பாதியில் நின்ற கை

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. கையால்தான் பேசிக்கொள்வோம். அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெஷினில் தைக்கிறார். நான் கொடும்பாளூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மகளோடு இருக்கிறேன். சாயங்காலமானால் வீடியோ காலில்தான் எங்கள் குடும்பம் நடக்கும்.

ஆனால் படம் திக்கித் திக்கித்தான் வரும். ஒருநாள் அவர் கை சொன்னது: ஊசி, விரல், ரத்தம். அதோடு படம் நின்றுவிட்டது. எங்கள் பேச்சில் 'எனக்கில்லை' என்பது கடைசியில்தான் வரும். அந்தக் கடைசி வந்து சேரவில்லை. திரும்ப லைன் கிடைக்கும்வரை அவர் விரல் போய்விட்டதென்றே அழுதுகொண்டிருந்தேன். அடிபட்டது பக்கத்து மெஷின்காரருக்காம்.

மறுநாளே அக்காவைக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். போன் கம்பெனி ஆபீஸில் இருந்தவர், லைனைச் சோதிக்க ஊரிலிருந்த எங்கள் அண்ணிக்குப் போன் போட்டுப் பார்த்தார்.

"பேச்சு தெளிவாத்தானே கேக்குது? அப்பறம் என்னம்மா கம்ப்ளைன்ட்?"

"இவளுக்குக் காது கேக்காதுங்க. வீடியோவுலதான் பேசுவா," என்றாள் அக்கா.

"காது கேக்காதவங்களுக்கு எதுக்கும்மா இவ்வளவு ஸ்பீடு?"

அதை எனக்குச் சொல்ல அக்கா தயங்கினாள். நான் அவர் உதட்டிலேயே படித்துவிட்டேன். என் கை வீசியதை அவள் அப்படியே வாய்விட்டுச் சொன்னாள்: "நீங்க பேசையில பாதியில வாயப் பொத்துனா சும்மா இருப்பீங்களா? ஊருக்கு ஆள் அனுப்புறேன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் இவ எந்திரிக்க மாட்டாளாம்."

அடுத்த வாரம் இன்ஜினியர் ஒருவர் வந்தார். வீட்டுக்காரரை வீடியோவில் அழைத்து, போனை இன்ஜினியர் கையிலேயே கொடுத்தேன். திரையில் என் வீட்டுக்காரரின் கை நெற்றியருகே அப்படியே தொங்கியது. இன்ஜினியர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த டவருக்குக் கேபிள் இல்லம்மா. அடுத்த டவர்லேருந்து காத்து வழியாத்தான் சிக்னல் வருது. ஒரே நேரத்துல நெறைய பேரு போனப் போட்டா திணறும்."

"அப்பக் கேபிள் போடுங்க," என்றாள் அக்கா எனக்காக.

உடனே போட்டுவிடவில்லை. நாங்களும் ஆபீஸுக்குப் போவதை நிறுத்தவில்லை. கடைசியில் ரோட்டோரம் பள்ளம் தோண்டிக் கேபிள் புதைத்தார்கள்.

இப்போது அவர் விரல் அசைந்ததும் இங்கே தெரிகிறது. முன்பெல்லாம் அவர் சொல்வது வந்து சேருவதற்குள் என் பதில் ஆறிப்போகும். இப்போது குறுக்கே பேச முடிகிறது. பொங்கலுக்கு லீவில்லை என்று அவர் சொன்னபோது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை வீசிச் சண்டை போட்டோம். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கரண்ட் போய்விட்டால் மட்டும், சற்று நேரத்தில் டவரும் படுத்துவிடுகிறது. போன வாரம் அதற்காக ஆபீஸுக்குப் போனோம்.

"அதான் கேபிள் போட்டாச்சேம்மா, இன்னும் என்ன?" என்றார் அதே ஆள்.

டவருக்கு நல்ல பேட்டரி வைக்கும்படி அக்காவைச் சொல்லச் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமையும் வருவோம் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன்.