செம்பிக்கும் அவருக்கும் ஒரே இருமல்

தவசி அண்ணன் நாய்க் கொட்டகையின் கம்பியில் சாய்ந்துகொண்டுதான் இருமுவார். தோள் குலுங்க, கண்ணில் நீர் முட்டும்வரை இருமிவிட்டுத் துண்டால் வாயைத் துடைக்கும்போது, உள்ளேயிருந்து செம்பி தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல ‘கெக் கெக்’ என்று இருமும். “கேட்டுக்கிட்டியா ஆத்தா? நான் ஒண்ணு சொன்னா அவ ரெண்டு சொல்றா” என்பார் என்னிடம்.

ஐம்பத்திரண்டு வயது. கோம்பையில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. காலையில் திராட்சைத் தோட்டங்களில் மருந்தடிப்பார். மற்ற நேரமெல்லாம் நாய்தான். ஊர்ப் பெயரையே இனப் பெயராகக் கொண்ட நாய்கள். செவலை உடம்பு, கரியில் முக்கியெடுத்ததுபோல் வாய். நான்கு வைத்திருக்கிறார், செம்பி அதில் ஒன்று. நாயின் காதுக்குள் விரலை விட்டு முகர்ந்து பார்த்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். பிறந்த குட்டி மூச்சு விடாமல் கிடந்தால், அதன் மூக்கையும் வாயையும் சேர்த்துத் தன் வாய்க்குள் வைத்துச் சளியை உறிஞ்சித் துப்பிவிட்டு, மெதுவாக ஊதுவார். அப்படிப் பிழைத்த குட்டிகள் போடியிலிருந்து குமுளி வரை காவலுக்கு இருக்கின்றன.

அவர் மனைவி ராஜாத்தி மதினிக்கு இதில் தீராத எரிச்சல். “கல்யாணம் கட்டி இருவத்தாறு வருசமாச்சு. என்னைய ஒரு தடவ அப்பிடி ஆசையாக் கிட்டக்க இழுத்துருப்பாகளா? நாயி மூக்குலதான் வாய வைப்பாக.” மதினி நாய்களைத் தொடமாட்டார். கேப்பைக் களி கிண்டி வாசலில் வைப்பதோடு சரி.

அண்ணனுக்கு இருமல் தொடங்கி ஒரு வருஷமாகிறது. பூச்சிமருந்துதான் காரணம் என்றார் ஒரு மருத்துவர். தோட்ட வேலையை நிறுத்திப் பார்த்தார், இருமல் நிற்கவில்லை. காசநோய் என்றது டீக்கடை. மூன்று முறை சளியைச் சோதித்தும் இல்லையென்றே வந்தது. ஆனாலும் கடையில் இன்றுவரை அவருக்கு மட்டும் பேப்பர் கப்தான். “கிளாசு கழுவுற வேல மிச்சம் அவனுக்கு” என்று சிரிப்பார். போன ஈத்தின்போது அவர் தேனியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். செம்பி போட்ட ஐந்து குட்டிகளில் இரண்டு மூச்சடைத்துச் செத்தன. அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கமாட்டார்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் அனிதா மேரி, சளியை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு மதுரைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று நானும் அண்ணனோடு போனேன். ஆறு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவள் நான், எதையும் வாசித்துவிடுவேன் என்பது அவர் நம்பிக்கை. ‘போர்டெடெல்லா’ என்று தொடங்கிய பெயருக்கு மேல் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

“கக்குவான் இருமல் கிருமி இருக்குல்ல, அதுக்குப் பங்காளி இது” என்றார் டாக்டர். “நாய்க்கு, முயலுக்கு வரும். மனுசங்களுக்கு அபூர்வம்னுதான் படிச்சோம். இப்ப அங்கங்க தெரிய வருது. எனக்கும் இதுதான் முதல் தடவை.”

“நாயி சீக்கு எனக்கு எப்பிடிம்மா வரும்? எனக்கென்ன வாலா இருக்கு?”

டாக்டர் சிரிக்கவில்லை. “நாய் மூக்குல வாய் வைப்பீங்களா?” என்று கேட்டார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “ராஜாத்தி போன் போட்டுச் சொல்லிட்டாளா?”

மூன்று வாரத்துக்கு மாத்திரை. அதுவரை நாய்ப் பக்கமே போகக் கூடாது. செம்பிக்கோ நாள் நெருங்கியிருந்தது. கைக்குழந்தைக்கு மூக்குச் சளி எடுக்கிற ரப்பர் பல்பை வாங்கிக்கொள்ளச் சொன்னார் டாக்டர். வாயால் உறிஞ்சுவதை யாரும் செய்யக் கூடாது என்றார். கதவுவரை போன அண்ணன் திரும்பி வந்தார்.

“சரிம்மா, அதுக எனக்குக் குடுத்துச்சு. நான் அதுகளுக்குத் திருப்பிக் குடுப்பேனா?”

டாக்டர் தாளை மறுபடி எடுத்துப் புரட்டினார். “மாட்டீங்கன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியல.”

அந்தப் பதில் அவரைப் படுத்திவிட்டது. தன் தட்டைத் தனியே கழுவினார். மதினிக்காக அல்ல, மிச்சச் சோறு நாய்க்குப் போய்விடக் கூடாது என்று. செம்பி இருமினால் தன்னால்தான் என்றார். தான் இருமினால் அவளால் என்றார். ஒருநாள் இருவருமே இருமாதபோது யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் விழித்தார். “ரெண்டு பேரும் ஒரே பீடிய மாத்தி மாத்திக் குடிச்ச மாதிரி ஆயிப்போச்சு ஆத்தா. முதல்ல பத்த வச்சது யாருன்னே தெரியல.” ரப்பர் பல்பை அமுக்கிப் பார்த்து, “லாரி ஆரன் மாதிரி இருக்கு. இதுக்கா குட்டி மூச்சு விடும்?” என்று பரண்மேல் போட்டார்.

மாத்திரை தொடங்கிய ஒன்பதாம் நாள், காலை பத்து மணி வெயிலில், செம்பி குட்டி போட்டது. அண்ணன் முகக்கவசத்தோடு கொட்டகைக்கு வெளியே நின்றார். மூன்று குட்டிகள் தாமாகவே கத்தின. நான்காவது நனைந்த துணிபோல் கிடந்தது.

ஒரே எட்டில் உள்ளே போய் அதை எடுத்தார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். அவர் வாய்க்கும் அதன் மூக்குக்கும் நடுவே ஒரு விரற்கடைதான் இருந்தது. அங்கேயே நின்றுவிட்டார்.

“ராஜாத்தி! அந்த ஆரன எடுத்துக்கிட்டு இங்கன வா.”

“நானா? நான் என்னைக்கு நாயத் தொட்டேன்?”

“இன்னைக்குத் தொடு.”

மதினி குட்டியைச் சேலைத் தலைப்பில் வாங்கினார். அண்ணன் வெளியே வந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். “அமுக்கிட்டு மூக்குல வையி. இப்ப விடு. இன்னொருக்க. முதுகத் தேயி. தேயி கழுத!”

“தேச்சுக்கிட்டுத்தான இருக்கேன், செத்த சும்மா இருங்க!”

அவர் சும்மா இருந்தார். இரண்டு கையாலும் துண்டை அழுத்தி, இருமலை அடக்கி, மூச்சையும் அடக்கி நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது.

குட்டி கீச்சென்றது.

“இந்தாங்க, உங்க மக!” என்று மதினி அதை அவரிடம் நீட்டினார். அண்ணன் தலையை ஆட்டி மறுத்தார். இரண்டடி பின்னால் நகர்ந்தார், இன்னும் இரண்டடி நகர்ந்தார். பிறகு கொட்டகைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு இருமினார்.