மாட்டு ஆஸ்பத்திரியில் என் முதல் ஓட்டு

1980-ஆம் வருடம், மே மாதக் கடைசி. சட்டமன்றத் தேர்தல். மதுரையை அடுத்த பரவையில் ஒரு பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் எனக்கு வேலை. ஓட்டுப் போட வருகிறவர்களின் இடது கை ஆள்காட்டி விரலைப் பிடித்து, நகமும் சதையும் சேரும் இடத்தில் மை வைக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் விரலுக்கெல்லாம் மை வைத்தேன். என் விரல் மட்டும் வெறுமையாக இருந்தது. அன்றைய வயிற்றெரிச்சலை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கொஞ்சம் எரிச்சலும் வருகிறது.

காரணத்தை வரிசையாகச் சொல்கிறேன். அப்படிச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, ஓர் அரசு அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் சேர்ந்திருந்தேன். என்னோடு படித்து, அதே நாளில் அதே பிரிவில் சேர்ந்தவள் என் தோழி. இருவருக்கும் வீடு திருநகரில், அடுத்தடுத்த தெரு. நாளைக்கு வேண்டியதை நான் இன்றைக்கே எடுத்து வைப்பேன். அவள் பஸ் ஏறிய பிறகு டிபன் டப்பாவைத் தேடுவாள். ஆனாலும் எது வந்தாலும் முதலில் அவளுக்குத்தான் வரும். ஜன்னலோர மேஜை, புதிதாக வந்த டிராயிங் போர்டு, மேலதிகாரியின் பாராட்டு எல்லாமே அப்படித்தான்.

ஓட்டும் அவளுக்குத்தான் முதலில் வந்தது. அப்போது இருபத்தொரு வயது நிரம்பினால்தான் ஓட்டுரிமை. அதுவும் பட்டியலுக்குரிய ஜனவரி முதல் தேதியில் நிரம்பியிருக்க வேண்டும். அவள் டிசம்பர்க் கடைசியில் பிறந்தவள், நான் ஜனவரியில். அந்தச் சில நாட்களால் ஒரு பட்டியல் முழுவதும் பின்தங்கிப் போனேன். அந்த வருடத் தொடக்கத்தில் நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது அவள் ஓட்டுப் போட்டுவிட்டு, மை விரலை என் டிராயிங் ஷீட்டின் மேல் வைத்து, “பெரியவுகல்லாம் போட்டுட்டோம். சின்னப் புள்ளைக அடுத்த தடவ பாத்துக்கங்க” என்றாள். பிரிவே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே புகைந்தது எனக்குத்தான் தெரியும்.

அடுத்த பட்டியலுக்கு நான் எதையும் விட்டுவைக்கவில்லை. பெயர் சேர்ப்பதற்கான ஆறாம் எண் படிவம் வாங்கினேன். பிறந்த தேதிக்கு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் நகல், வீட்டு முகவரி, ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் அப்பாவின் விவரம் எல்லாவற்றையும் வரைபடத்துக்கு எழுதுகிற அதே அச்செழுத்தில் எழுதிக் கொடுத்தேன். வரைவுப் பட்டியல் வந்ததும் நேரில் போய்ப் பெயர், வயது, வீட்டு எண் சரிபார்த்தேன். “மாப்ள வீட்டுக்காரக வந்தப்பக்கூட இவ இம்புட்டு ஆர்வமா இல்லையே” என்று அம்மா அப்பாவிடம் சொன்னது அடுப்படியிலிருந்து கேட்டது.

பெயர் ஏறிவிட்டது. பிறகுதான் தேர்தல் வேலை உத்தரவு வந்தது, இரண்டு பேருக்குமே. அவளுக்கு எங்கள் திருநகர்ப் பக்கத்திலேயே ஒரு சாவடி. எனக்குப் பரவை.

பயிற்சி வகுப்பில் ஓர் அதிகாரி விளக்கினார். சொந்தத் தொகுதியிலேயே வேலை விழுந்தவர்கள் விண்ணப்பித்துச் சான்று வாங்கிக்கொண்டால், வேலை பார்க்கும் சாவடியிலேயே ஓட்டுப் போடலாம். வேறு தொகுதிக்குப் போகிறவர்கள் தபால் ஓட்டுக்குத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். பரவை வேறு தொகுதி. வகுப்பு முடிந்த கையோடு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். அவள் எட்டிப் பார்த்து, “எனக்கும் சேத்து எழுதிருடி, உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்” என்றாள். எழுதிக் கொடுத்தேன். சாவடியில் நின்று ஓட்டுப் போடுகிற சான்று, என் எழுத்தால் அவளுக்கு வந்து சேர்ந்தது. எனக்குத் தபாலில் எதுவும் வரவில்லை. அன்றிலிருந்து அவள் ஏறுகிற பஸ்ஸில் நான் ஏறவில்லை.

பரவையில் மைப்புட்டி சாய்ந்துவிடாமல் இருக்க அதை ஒரு கிண்ணத்து மணலில் புதைத்து வைத்திருந்தேன். மஞ்சள் ஏறிய விரல், மார்க்கெட்டில் வெங்காயம் உரித்துவிட்டு வந்த விரல், பயத்தில் குளிர்ந்துபோன விரல் என்று வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் பிடிக்கும்போது, இதற்கு ஓட்டு இருக்கிறது, எனக்கு இல்லை என்றுதான் தோன்றியது.

ஒரு பெண், நான் மை வைத்துக்கொண்டிருக்கும்போதே என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ஏ டீச்சரு, நீ போடலையா?”

நான் டீச்சர் இல்லை. ஆனால் அங்கே பெண் என்றால் டீச்சர்தான். “எனக்குத் தபால்ல வரும்” என்றேன்.

“தபால்லயா? மணியார்டர் மாதிரியா? கைக்கு வந்தப்பறம் சொல்லு, நம்புறேன்.”

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்த விரலைப் பிடித்தேன்.

மறுநாள் எங்களுக்கு விடுமுறை. காலைத் தபாலில் அந்த உறை வந்தது. நின்ற இடத்திலேயே பிரித்தேன். வாக்குச்சீட்டு, அதைப் போட்டு ஒட்ட ஓர் உறை, உறுதிமொழிப் படிவம், எல்லாவற்றையும் வைத்து அனுப்பப் பெரிய உறை. உறுதிமொழியில் நான் கெஜடெட் அதிகாரி ஒருவர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், அவரும் போட வேண்டும். வாக்கு எண்ணிக்கை அடுத்த நாள் காலை. அதற்குள் தேர்தல் அதிகாரியிடம் சேராவிட்டால் அந்தச் சீட்டு வெறும் காகிதம்.

எங்கள் இன்ஜினீயர் கெஜடெட் அதிகாரிதான். அவர் வெளியூர் போயிருந்தார். பக்கத்து அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஓடினேன். படிவத்தைப் படித்துவிட்டு அவர் சொன்னது நியாயம்தான். “பொய் சொல்ற புள்ளையாத் தெரியல. ஆனா உன்ன எனக்குத் தெரியாதேம்மா. உனக்கும் எனக்கும் தெரிஞ்ச ஆளு ஒருத்தரக் கூட்டியா, போடுறேன்.”

அப்படி ஒருவரும் எனக்குத் தெரியாது. வாசலுக்கு வந்து யோசித்தேன். தெரிந்த கெஜடெட் அதிகாரிகள் யார் யார் என்று மனத்துக்குள் வரிசை போட்டேன். இன்ஜினீயருக்கு அப்புறம் ஒரே ஒருவர்தான் நின்றார். தோழியின் சித்தப்பா. திருமங்கலத்துக்கு அப்பால் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர். அவரையும் எனக்கு நேரில் தெரியாது. அவள் வர வேண்டும்.

அவள் வீட்டு கேட்டருகே எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. தலைக்குக் குளித்துவிட்டு முற்றத்தில் முடியை உலர்த்திக்கொண்டிருந்தவள், அங்கிருந்தே கேட்டாள். “என்ன, வழி தெரிஞ்சிருச்சா?”

விஷயத்தைச் சொன்னேன்.

“ஒரு வாரமா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தியே, அது உனக்கு ஓட்டு வராததுக்கா, எனக்கு வந்ததுக்கா?”

“ரெண்டுக்கும்” என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “இரு, சேல மாத்திட்டு வாரேன். சித்தப்பா மத்தியானம் ஆனா கிராமத்துப் பக்கம் போயிருவாரு.”

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு பசுவுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். “என்னத்தா, மாட்டையும் காணோம், ஆட்டையும் காணோம், வெறுங்கைய வீசிக்கிட்டு வந்திருக்கீக?”

“மாடு இவதாண்ணே” என்றாள் தோழி. “ஓட்டுப் போடக் கூட்டியாந்திருக்கேன்.”

சித்தப்பா முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து படிவத்தை வாங்கினார். நிதானமாகப் படித்தார். வாக்காளரைத் தனக்கு நேரடியாகத் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவர் அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அதில் இருந்தது. அவளைப் பார்த்தார்.

“இந்தப் புள்ளைய நல்லாத் தெரியுமா உனக்கு?”

“நல்லாவா? வயித்தெரிச்சல் வரைக்கும் தெரியும் சித்தப்பா.”

எதையும் கிறுக்கிவிட்டு எழுந்துவிடுகிறவள், அன்று நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயர் பட்டியலில் இருந்தது, வயது இருந்தது, சீட்டும் கையில் இருந்தது. ஆனால் அது நான்தான் என்று சொல்வதற்கு அவள் தேவைப்பட்டாள். சித்தப்பா பச்சை மையில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

“சீட்டுல குறி போடுறத நானும் பாக்கக் கூடாது, இவளும் பாக்கக் கூடாது. தள்ளிப் போய்ப் போட்டுட்டு வா தாயி.”

மறைவுக்கு அங்கே எதுவும் இல்லை. ஊசி போடும்போது மாட்டை நிறுத்துகிற மரச்சட்டத்தின் ஓரமாகப் போய் நின்றேன். அவள் குடையை விரித்துத் தோளுக்குப் பின்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். மாட்டுக்காரர் எட்டிப் பார்க்க, “அந்தப் பக்கம் பாருங்கண்ணே, ரகசிய ஓட்டு” என்று அதட்டினாள். அந்தக் குடை நிழலில், சாணி வாசனைக்கு நடுவில், என் முதல் ஓட்டைப் போட்டேன்.

அங்கிருந்து நேராக மதுரைக்குப் போய்த் தேர்தல் அதிகாரி அலுவலகத்தில் உறையைக் கொடுத்தபோது, நாளைக்கு இதுவும் கணக்கில் சேருமா என்று கேட்டேன். “சேரும்மா, தபால் ஓட்டத்தான் மொதல்ல எண்ணுவோம்” என்றார் குமாஸ்தா. நான் தோழியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் போன போக்கை வரைந்து வைத்திருக்க வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து நச்சரித்தாள். “யாருக்குடி போட்ட?”

சொல்லவில்லை.

“அம்புட்டுத் தூரம் அலைஞ்சு, குடை பிடிச்சுக் கை மரத்துப் போச்சு. எனக்குக்கூடச் சொல்ல மாட்டியா?”

பழங்காநத்தம் தாண்டும்போது அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு எட்டாத ஒன்று முதல் தடவையாக என்னிடம் இருந்தது. அந்த சந்தோஷம் திருநகர் வரைக்கும் தாங்கியது.

இன்றும் நாங்கள் பக்கத்துப் பக்கத்து மேஜைதான். இன்றும் அவளுக்கு ஏதாவது முதலில் கிடைத்தால் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் இவள் இன்னார்தான் என்று எனக்காக எழுதிக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் அவள் வீட்டு கேட்டைத்தான் போய்த் தட்டுவேன்.