பத்திரிகை கை மாறிய நாள்

இஸ்தான்புல்லில் முடி வெட்டிக்கொண்டு வந்தாலும் வாழ்த்துகிறார்கள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தாலும் வாழ்த்து. ஏற்காட்டிலிருந்து வந்த புதிதில் எதற்கென்று புரியாமல் எல்லோருக்கும் சிரித்து வைப்பேன். ஆமாம் என்பதற்கு ‘எவெத்’, இல்லை என்பதற்கு ‘ஹாயிர்’. அவ்வளவுதான் அப்போது எனக்குத் தெரிந்த துருக்கி மொழி. ஊரே வாங்கிப் படிக்கும் நாளிதழ் ஒன்றில் படங்களுக்கு நிறம் திருத்தும் என் வேலைக்கு அது போதுமாயிருந்தது.

ஒரு காலை, பத்திரிகையை விற்றுவிட்டார்கள் என்று அலுவலகமே கலங்கிக் கிடந்தது. வாங்கியவர் கட்டடங்கள் கட்டும் பெரிய முதலாளியாம். இனி பத்திரிகை யார் பக்கம் பேசும் என்று நிருபர்கள் கவலைப்பட்டார்கள். எனக்கோ, வேலை போனால் இந்த நாட்டில் தங்கும் அனுமதியும் போய்விடும். ஏற்காட்டுப் பக்கம் நாகலூரில் அப்பா கணக்கெழுதும் ரைட்டராக இருந்த எஸ்டேட்டும் நான் பள்ளியில் படித்த காலத்தில் இப்படித்தான் கை மாறியது. புது முதலாளி வந்த வாரமே அப்பாவின் வேலை போய், கொட்டும் மழையில், தட்டுமுட்டுச் சாமான்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு எஸ்டேட் வீட்டைக் காலி செய்தோம்.

மதியம் ஊரிலிருக்கும் அம்மாவைப் போனில் அழைத்து, வேலை போய்விடும் போலிருக்கிறது என்றேன்.

“போனாப் போவுது சாமி, நம்ம ஊட்டுக்கு வந்துரு” என்றார். குரலில் வருத்தம் துளியும் இல்லை.

மாலையில் புது முதலாளி மேசை மேசையாக வந்தார். என் கையைக் குலுக்கி, “ஹாயிர்லி ஓல்சுன்” என்றார். என் காதில் விழுந்தது ‘ஹாயிர்’ மட்டும்தான். தலையாட்டிவிட்டு, தேநீர்க் கோப்பையையும் ஸ்வெட்டரையும் பையில் திணிக்கத் தொடங்கினேன்.

பக்கத்து மேசை எமினே பதறிப்போய், “எங்கே கிளம்பிவிட்டாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“அவர்தான் இல்லை என்று சொல்லிவிட்டாரே!”

எமினே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “‘ஹாயிர்லி’ என்றால் நல்லது. எல்லாம் நல்லபடியாக அமையட்டும் என்று வாழ்த்தினார். உன் வேலை எங்கும் போகவில்லை!”

விஷயம் பரவி அந்தத் தளமே சிரித்தது. காலையிலிருந்து முகம் இறுகிக் கிடந்த நிருபர்களும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்த முதலாளியிடம் எமினே கதையைச் சொல்ல, அவர் சிரித்த சிரிப்பு எல்லோருடையதையும் மிஞ்சியது.

உடனே அம்மாவுக்குப் போன் செய்தேன். “வேலை போவலைம்மா!”

அம்மாவுக்குப் பின்னால் தம்பி மனைவியின் குரல் கேட்டது: “அப்பக் கட்டிலை எடுத்துரலாங்களா அத்தை?”

நான் வரப்போகிறேன் என்று, முன்னறையிலிருந்த மிளகு மூட்டைகளை ஒதுக்கி, கட்டில் போட்டு, புதுப் போர்வையும் விரித்துவிட்டார்களாம்.

“போட்டது போட்டபடியே கெடக்கட்டும்” என்று அவளிடம் சொல்லிவிட்டு, “நொம்ப சந்தோசம் கண்ணு. லீவுக்காவது வந்துட்டுப் போ” என்றார் அம்மா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

இஸ்தான்புல்லின் ஒரு கரை ஐரோப்பா, மறுகரை ஆசியா. அலுவலகம் ஐரோப்பியக் கரையில், நான் தங்கியிருப்பது ஆசியக் கரையில். அன்று படகில் என் பக்கத்திலிருந்த பெரியவர், வீடு எந்தப் பக்கம் என்று சைகையில் கேட்டார். சிரித்துக்கொண்டே ஆசியக் கரையைக் காட்டினேன். எதிரே மினுங்கிய விளக்குகளைப் பார்த்து அவர் தலையசைத்தார். நான் காட்டியது அதற்கும் வெகுதூரம் தள்ளி, அம்மா கட்டில் போட்டு வைத்திருக்கும் வீட்டை.