தூசிக்குள் தெரிந்த துணை

எண்பதுகளில் வானியல் ஆய்வாளனாக, தூசிக்குள் பிறக்கும் இளம் பெரு நட்சத்திரங்களுக்கு அருகே, அவற்றோடு சேர்ந்து சுற்றும் துணை நட்சத்திரம் உண்டா என்று தேடிக்கொண்டிருந்தேன். தூசி மறைத்ததையும் அகச்சிவப்புக் கதிரில் பார்த்தால் தெரிந்துவிடும். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று தெரிந்ததும், அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவிடம்தான் முதலில் சொன்னேன்.

மறுவருடம் பார்த்தபோது அது இல்லை. தொலைநோக்கியின் அதிர்வைத்தான் நட்சத்திரம் என்று நம்பியிருக்கிறேன். மேற்கொண்டு தேட தொலைநோக்கியில் நேரமும் ஒதுக்கவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனதும் அப்பா கேட்டார்: "அந்த ரெண்டாவது நட்சத்திரம் என்னப்பா ஆச்சு?"

"அப்புடி ஒண்ணு இல்லப்பா. மெஷின் ஆடுனதுல வந்தது."

"பரவால்ல வுடு. நான் யாருகிட்டயும் சொல்லல" என்றார்.

மாலையில் கடைத்தெருவில் அவரோடு வேலை பார்ப்பவர் என்னை நிறுத்தினார். "புது நட்சத்திரம் கண்டுபுடிச்சிட்டியாமே தம்பி? அப்பா சொல்லிச் சொல்லி பூரிச்சுப் போறாரு."

"ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.