கீழ்வரிசையில் மூன்றாவது எலும்பு

மோருப் லாமாவுக்குச் சந்தேகம் பிறவிக் குணம். கர்சுங் மடத்து அருங்காட்சியகத்தில் பன்னிரண்டு வருடமாக அவர்தான் காவல். பெரிய லாமாவே வந்தாலும் வெளியே போகும்போது பையைக் கிளறாமல் விடமாட்டார்.

தலைநகரத்துக் கண்காட்சிக்குப் போன எலும்பாடை அன்று திரும்பி வந்தது. மனித எலும்பில் சின்னச் சின்னத் தெய்வங்களைச் செதுக்கி, வலையாகக் கோத்து, முகமூடி நடனத்தில் இடுப்பில் கட்டுகிற ஆடை. மோருப்பும் ஒரு காலத்தில் அதைக் கட்டி ஆடியவர்தான். மறுநாள் திருவிழா.

"இது நம்மளது இல்ல" என்றார் மோருப், ஆடையைப் பார்த்ததுமே.

அருங்காட்சியகப் பொறுப்பாளரான இளம்பெண் ஸ்பால்சஸுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. தாத்தா என்று கூப்பிடும் மரியாதையை மட்டும் விடவில்லை. "மேமே லே, அனுப்பும்போது எடுத்த படத்தோட அச்சா ஒத்துப்போகுது. கண்காட்சிக்காரங்க புகைக்கறையத் துடைச்சிருக்காங்க, அதான் பளிச்சுனு இருக்கு. உங்களுக்குத் தேநீர்ல வெண்ணெய் குறைஞ்சாக்கூட சமையக்காரன் திருடன்!"

"அவன் திருடன்தான்" என்று முணுமுணுத்தபடி, கீழ்வரிசையில் மூன்றாவது எலும்பைப் புரட்டினார் மோருப். மற்றவற்றைப் போலவே மெல்லிசாக இருந்தது.

அது தடியாக இருக்க வேண்டும். ஏனென்றால் அது மனித எலும்பே இல்லை, யாக் மாட்டு எலும்பு. முப்பது வருடத்துக்கு முன் மோருப் ஆடும்போது ஒரு துண்டு உடைந்தது. உடைத்தவன் அன்றே சபையில் சொல்ல வேண்டும், சொன்னவன் அப்புறம் ஆடவே முடியாது. ஆட்டத்தை விட மனசு வரவில்லை. திருட்டுத்தனமாக யாக் எலும்பில் அதே உருவத்தைச் செதுக்கிக் கோத்துவிட்டார்.

இப்போது வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால், நாளைக்குத் தெய்வத்தின் முன்னால் போலியைக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். பாழாய்ப்போன விதி!

நேரே பெரிய லாமாவிடம் போனார். அவர் மோருப்போடு சேர்ந்து ஆடியவர், ஒரே வயது. மோருப் நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, கழுத்துத் தாயத்துப் பெட்டியைத் திறந்து அந்த உடைந்த துண்டை எடுத்தார். தூக்கிப் போட மனமில்லாமல் இத்தனை காலம் மார்பிலேயே சுமந்தது. வெண்ணெய்ப் புகையும் வியர்வையும் ஏறிப் பழுப்பேறிக் கிடந்தது.

இருவரும் அருங்காட்சியகத்துக்கு வந்து, ஸ்பால்சஸ் பார்க்க, அதை ஆடையின் மேல் வைத்தார்கள். பக்கத்தில் இருந்த எலும்பெல்லாம் சட்டைப் பொத்தான் மாதிரி இளித்தன. நூல் நுழைக்கும் துளையில்கூடத் தேய்மானம் இல்லை. ஸ்பால்சஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஊர்ல ஒருத்தன் பைய விடாம கிளறினியே, உன் கழுத்துல என்ன இருக்குன்னு எவனும் பாக்கலயே!" என்றார் பெரிய லாமா.

பெரிய லாமா அந்தத் துண்டை எடுத்து, ஆடைக்கென்று செய்த கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்.

"நீ ஒளிச்சு வெச்சது மட்டுந்தான்டா நமக்கு மிச்சம்."