விமானத்தின் மேல் ஒரு கோடு

எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் தொட்டியின் ஆழம் எழுபது சென்டிமீட்டர் என்பது இந்த ஆண்டு மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. மச்சினனின் தொப்பி தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. தோள்வரை கையை விட்டுத் தடவி எடுத்தான். எடுத்த கையில் கட்டியிருந்த ஸ்மார்ட் வாட்ச் நீல நிறத்தில் விழித்துக்கொண்டு ஆழத்தைக் காட்டியது. ஜும்மாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அவன் கையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"மக்கா, உள்ள மீன் வல்லதும் கெடக்கான்னு காட்டுமா?" என்று கேட்டார் ஒருவர். பாங்கு சொல்லும் மோதினார் வந்து விரட்டிய பிறகுதான் கூட்டம் கலைந்தது. தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த எழுபது சென்டிமீட்டரைக் குறித்து வைத்தேன்.

எனக்கு அப்படியொரு பழக்கம். தேங்காய்ப்பட்டணத்தில் முதல் மழை விழும் நாள், ஆற்று முகத்தில் மணல் அடைக்கும் நாள், துறைமுகத்தில் முதல் சாளை மீன் வந்திறங்கும் நாள் எல்லாவற்றையும் ஆங்கிலத் தேதி, ஹிஜ்ரி, கொல்லம் ஆண்டு என்று மூன்று கணக்கிலும் எழுதி வருகிறேன். பழைய கப்பல் பயணக் குறிப்புகளை வாசிப்பதில் பித்து உண்டு. மாலுமிகள் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, ஆழம் பார்த்து எழுதிய பக்கங்களைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பேன். அந்த வேலையை மணிக்கட்டில் இருந்தபடி ஒரு பொருள் தானாகச் செய்கிறது, நாளும் நேரமும் தண்ணீரின் வெப்பமும் சேர்த்து எழுதி வைக்கிறது என்றால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

மச்சினன் துபாயில் குளிர்சாதன வேலை பார்க்கிறான். அங்கே விடுமுறை நாட்களில் ஸ்கூபா கற்றுக்கொண்டவன். அவன் சொன்ன கதைகளைக் கேட்டுக் கேட்டு ஆசை முற்றி, போன வருடம் நாற்பத்தாறு வயதில் நானும் கோவளம் போய்ப் படித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். இந்த முறை அவன் லீவில் வந்தபோது வாட்ச்சை டைவ் கம்ப்யூட்டராக்கும் செயலியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

விஷயம் இதுதான். ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து தங்கும். மெல்ல மேலே வந்தால் மெல்ல வெளியேறும். அவசரப்பட்டால் மூடி திறந்த சோடா பாட்டில் மாதிரி இரத்தத்தில் குமிழி கட்டும். எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம், எந்த வேகத்தில் ஏறலாம் என்று வாட்ச் கணக்குப் போட்டுச் சொல்லும். கரையேறிய பிறகும் விடாது. விமானத்தில் மேலே போனாலும் அழுத்தம் குறையும் அல்லவா? அதனால் ஒரு சிறு விமானப் படத்தைக் காட்டி அதன் மேல் குறுக்குக் கோடு போட்டிருக்கும். பக்கத்தில், அந்தக் கோடு எத்தனை மணிக்கு நீங்கும் என்ற நேரம். அதுவரை பறக்கக் கூடாது.

அவன் லீவு முழுவதும் கடல் கலங்கிக் கிடந்தது. காலம் தப்பிய காற்று. விரல் விட்டால் விரல் தெரியாத தண்ணீர். துபாய்க் கடலில் எத்தனையோ முறை முங்கியவனுக்கு ஊர்க் கடலின் அடியைப் பார்க்க முடியவில்லையே என்று ஆறவில்லை. "பொறந்த எடத்துக் கடலு மச்சான். இதுக்க உள்ள நான் ஒருக்காகூட கண்ணத் தொறந்து பாத்ததில்ல" என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தான். திரும்பிப் போகும் நாளைத் தள்ளவும் வழியில்லை. புது நிறுவனம், புது விசா. லீவு முடிந்த மறுநாள் விடியற்காலை நாலு நாற்பதுக்குத் திருவனந்தபுரத்தில் விமானம். விசாவின் கடைசி நாளும் அதுவே. அன்று நள்ளிரவுக்குள் அங்கே பாஸ்போர்ட்டில் முத்திரை விழாவிட்டால் வேலை போய்விடும்.

இப்படிப் புறப்பாட்டுக்கு ஒரு நாள் மிச்சம் இருக்கும்போது, விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்த கையோடு, சொல்லி வைத்திருந்த வள்ளக்காரர் போனில் கூப்பிட்டார். கடல் தெளிந்துவிட்டதாம். அடி தெரிகிறதாம்.

கோவளத்திலிருந்து சிலிண்டர்கள் வந்து சேர்வதற்குள் கொஞ்சம் தாமதமானது. போனை நனைக்க வேண்டாம் என்று வீட்டிலேயே வைத்துவிட்டேன். எனக்காக வாடகைக்கு வந்த கருவி ஆழத்தையும் முங்கிய நிமிடங்களையும் மட்டும் காட்டும் பழைய ஜாதி. மணி பார்க்க எங்கள் மூவருக்கும் மச்சினனின் கைதான்.

கரையிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில், கடலுக்கடியில் ஒரு பாறைத் தொடர் உண்டு. மீனவர்கள் பார் என்பார்கள். அங்கே நங்கூரம் போட்டு முதுகுப்புறமாகச் சாய்ந்து விழுந்தோம்.

பச்சை வெளிச்சம். ஆறு மீட்டர், ஒன்பது மீட்டர் என்று அவன் கையில் எண் ஓடுகிறது. பதினாறில் பாறை வந்தது. அதுவரை சந்தையில் ஐஸ் மேல் மட்டுமே கண்ட களவா மீன், ஒரு பொந்தின் வாசலில் வீட்டுக்காரன் மாதிரி நின்று எங்களைப் பார்த்தது. சிங்கி இறாலின் மீசைகள் இடுக்குகளிலிருந்து நீண்டு அசைந்தன. ஒரு கணவாய் எங்கள் முன்னால் பழுப்பிலிருந்து வெள்ளைக்கும் வெள்ளையிலிருந்து வரிக்கும் மாறிக் காட்டியது. இத்தனை வருடமாகக் குழம்பில் பார்த்தது இதைத்தானா என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. மச்சினன் வாயில் குழாயை வைத்துக்கொண்டே கத்தினான். என்ன சொன்னான் என்பது குமிழிகளுக்குத்தான் தெரியும். சந்தோஷத்தில் விறுவிறுவென்று மேலே ஏறப் போனவனை மணிக்கட்டில் வாட்ச் அதிர்ந்து நிறுத்தியது. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம். வாட்ச் நொடிகளை எண்ணிக்கொண்டிருக்க, நெத்திலிக் கூட்டமொன்று எங்களைச் சுற்றி வெள்ளித் திரை கட்டித் திறந்து மறுபடி கட்டியது.

ஒரு முறை முங்கினால் பன்னிரண்டு மணி நேரமும், இரண்டு முறை என்றால் பதினெட்டு மணி நேரமும் பறக்காமல் இருப்பது நாங்கள் படித்த முறை. செயலியையும் அதற்கே அமைத்திருந்தோம். ஒன்றோடு திரும்புவதாகத்தான் பேச்சு. ஆனால் சிலிண்டர் மிச்சம் இருந்தது, தண்ணீர் கண்ணாடியாக இருந்தது, பாரின் மறுபுறத்தைப் பார்க்கவில்லை. நேரம் இருந்தால் போகலாம் என்றேன். வள்ளத்தில் கட்டன்சாயா குடித்து ஓய்வெடுத்த பிறகு மணி கேட்டேன். எட்டு ஐம்பது என்று வாசித்தான். எட்டு ஐம்பதுக்கு இத்தனை வெயிலா என்று ஒரு கணம் தோன்றியது. மாசிதானே என்று விட்டுவிட்டேன்.

மறுபுறத்தில் திருக்கை ஒன்று மணலை உதறி எழுந்து எங்கள் தலைக்கு மேல் பறந்து போனது. அதைப் பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும். மேலே வந்ததும் கோடு எப்போது நீங்கும் என்று கேட்டேன். "மூணு முப்பத்தஞ்சு" என்றான். விமானம் நாலு நாற்பதுக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கிறது என்று இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டோம்.

"முங்கினதுக்கே கைகொடுப்பா? அப்ப எனக்கு தெனமும் குடுக்கணும் சாறே" என்றார் வள்ளக்காரர்.

துறைமுகத்தில் சிலிண்டர்களை இறக்கி, அவிழ்த்து, கழுவிக்கொண்டிருக்கும்போது மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டது. தற்செயலாக அவன் கையைப் பார்த்தேன். பதினொன்று ஐந்து. லுஹர் பாங்கு பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

"ஏலே, ஒன் வாட்ச்சு எந்த ஊரு நேரம் காட்டுது?"

அவன் மணிக்கட்டைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தான். லீவில் வந்தாலும் வாட்ச்சைத் துபாய் நேரத்திலேயே வைத்திருப்பான். வேலைக் கூட்டாளிகளைக் கூப்பிட வசதி. ஒன்றரை மணி நேரத்தை மனதுக்குள் கூட்டிக்கொள்வது அவனுக்கு மூச்சு விடுவது மாதிரி. அன்று மட்டும் மனது பாருக்கு அடியில் இருந்திருக்கிறது. எட்டு ஐம்பது என்று அவன் வாசித்தது பத்து இருபது. கோடு நீங்குவது மூன்று முப்பத்தைந்துக்கு அல்ல, ஐந்து ஐந்துக்கு. விமானம் கிளம்பி இருபத்தைந்து நிமிடம் கழித்து.

வீட்டுக்குப் போய் என் மனைவியிடம், அதாவது லாத்தா என்று அவன் கூப்பிடும் அக்காவிடம், சொன்னோம். அவள் முதலில் என்னைத்தான் பார்த்தாள். "வருசம் மாசம் தேதி எல்லாம் எழுதி வைக்குத ஆளுக்கு மணி பாக்கத் தெரியாமப் போச்சே" என்றாள். பிறகு டிராவல்ஸ்காரரைப் போனில் பிடித்தாள்.

இருபத்தைந்து நிமிடத்தில் என்ன வந்துவிடும் என்று மச்சினன் வாதாடினான். விமானம் உயரம் பிடிக்கவே அந்த நேரம் ஆகுமே என்றும் சொன்னான். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பதினெட்டு மணி நேரம் என்பதே குறைந்த அளவு. அதிலும் கடன் சொல்வதா என்று நான் கேட்டேன். டிராவல்ஸ்காரர் அஸர் தொழுகைக்குப் பிறகு மாலையில் கூப்பிட்டார். மறுநாள் மதியம் கிளம்பி, இடையில் வேறொரு ஊரில் மாறிப் போகும் விமானத்தில் ஒரே ஒரு சீட் இருக்கிறது. இரவு பதினொன்றே காலுக்குத் துபாயில் இறங்கும்.

நான் உடனே ஒன்றரையைக் கூட்டினேன். பன்னிரண்டே முக்கால். தேதி மாறிவிட்டது. விசா போயிற்று. இதைச் சொன்னதும் மனைவி போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"டிக்கெட்டுல போட்டிருக்கது அவங்க ஊரு மணி. தயவுசெஞ்சு இனி ஒண்ணும் கூட்டாதீங்க."

ஆக, இறங்கிய பின் நள்ளிரவுக்கு முக்கால் மணி நேரம் இருக்கும். விமானம் தாமதமானாலோ வரிசை நீண்டாலோ வேலை போய்விடும். விடியற்காலை விமானத்தில் போனால் வேலைக்கு ஆபத்தில்லை, உடம்புக்கு உத்தரவாதமில்லை. முடிவு அவனுடையது. அவன் வாட்ச்சைத் திருப்பிக் கோடு போட்ட அந்தக் குட்டி விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீழ இருந்து வரும்போ மூணு நிமிசம் நின்னுல்லா வந்தோம் மச்சான்," என்றான் கடைசியில். "கையெட்டுற தூரத்துல வெளிச்சம் தெரிஞ்சும் நின்னோம். இதுக்கும் நிக்கேன். அந்தச் சீட்டப் போடச் சொல்லுங்க லாத்தா."

மறுநாள் காலை ஐந்து ஐந்துக்கு நாங்கள் மூவரும் சாய்ந்து நின்று பார்க்கப் பார்க்க, விமானத்தின் மேலிருந்த கோடு மறைந்தது. மதியம் அவன் பறந்தான். மாறும் ஊரில் விமானம் கால் மணி நேரம் தாமதம் என்று செய்தி அனுப்பினான். அதன் பிறகு சத்தமில்லை. எங்கள் சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியது. எங்கள் வீட்டில் விசா முடிந்துவிட்டது, அங்கே இன்னும் முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மணியும் தாண்டிய பிறகு போன் மினுங்கியது.

ஒரு படம். விரித்த பாஸ்போர்ட்டில் ஈரம் காயாத முத்திரை, விசாவின் கடைசி நாள் தேதியோடு. பக்கத்தில் அவன் மணிக்கட்டு. வாட்ச்சில் ஒன்று பத்து. ஒன்று பத்து என்றால் அங்கேயும் மறுநாளா? முத்திரையை மறுபடி பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த செய்தி வந்தது. வாட்ச்சை நம் ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டானாம். இருபது நிமிடம் மிச்சமிருக்க முத்திரை வாங்கியிருக்கிறான்.

அப்படியென்றால் டியூட்டிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே போய் நிற்பாயே என்று எழுதினேன்.

"பரவால்ல மச்சான். நேத்து பிந்தினதுக்கு முந்தி நிக்கேன்" என்று பதில் வந்தது.

அவன் போய்ச் சேர்ந்ததை எழுத உட்கார்ந்தேன். எங்கள் கணக்கில் மறுநாள், அவன் கணக்கில் அதே நாள். முத்திரையில் இருந்த தேதியையே எழுதினேன்.